ஆடு புலி ஆட்டம் கற்ற சிறு நிரல்: மேலூர்ப் பக்கத்து மந்தையில் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரு சின்ன நிரலைப் பற்றியது. ஆடு புலி ஆட்டம் ஆடுகிற நிரல். சி மொழியில் சில நூறு வரிகள்தான். வேறு யாரும் எழுதி வைத்த பொதியை இழுத்துப் போடவில்லை, இணையம் தேவையில்லை, பழைய லேப்டாப்பிலும் தாராளமாக ஓடும். எழுதியது நான். ஆனால் அது ஆடக் கற்றுக்கொண்டதில் சரிபாதிப் பங்கு, மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் மந்தையில், அதாவது ஊர்ப் பொதுவெளியில், இருக்கும் கல் மண்டபத்தில் உட்கார்ந்து சாயங்காலம் தோறும் ஆடும் ஒரு பெரியவருக்கு உண்டு. அவர் கணினியைத் தொட்டதே இல்லை.

எனக்கு இரண்டு விஷயங்களில் தீராத ஆசை. ஒன்று, தானாகக் கற்றுக்கொள்ளும் இயந்திரம். இன்னொன்று, ஒரு ஆள் ஒரே மூச்சில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய மென்பொருள். இன்றைய நிலையில் இவை இரண்டும் எதிரெதிர் கரையில் இருக்கின்றன. சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகளுக்குள் பல நூறு கோடி எண்கள் கிடக்கின்றன. அதில் ஏதாவது ஒரு எண்ணைக் காட்டி "இது எதற்கு?" என்று கேட்டால், உருவாக்கியவர்களாலேயே சொல்ல முடியாது. கற்றுக்கொள்ளவும் வேண்டும், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். அப்படி ஒன்றைச் செய்ய முடியுமா, செய்தால் அதனால் யாருக்கு என்ன பயன் என்று பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

முன்னோடிகள்

செயற்கை அறிவின் ஆரம்ப காலத்தில் இந்த ஆசை இயல்பாகவே நிறைவேறியது. 1961-இல் டொனால்ட் மிச்சி என்ற பிரிட்டிஷ்காரர், இரண்டாம் உலகப் போரின்போது எதிரியின் ரகசியக் குறியீடுகளை உடைத்த பிளெட்ச்லி பார்க்கில் கணினி முன்னோடி ஆலன் டூரிங்கோடு வேலை பார்த்தவர், தீப்பெட்டிகளை வைத்தே கற்கும் இயந்திரம் ஒன்று செய்தார். அவர் கைக்கெட்டும் இடத்தில் அப்போது கணினி இல்லை. மூன்றுக்கு மூன்று கட்டத்தில் பெருக்கல் குறியும் வட்டமும் போடும் ஆட்டத்துக்கு 304 தீப்பெட்டிகள். ஒரு பெட்டி ஒரு நிலை, அதாவது காய்கள் கட்டத்தில் நிற்கும் ஒரு விதம். உள்ளே பல நிற மணிகள், ஒரு நிறம் ஒரு நகர்வு. பெட்டியைக் குலுக்கி வரும் மணியின்படி ஆட வேண்டும். ஜெயித்தால் அந்த நிற மணிகளைக் கூடுதலாகப் போட வேண்டும், தோற்றால் எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். ஆட ஆட அது தேறியது. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி என்று தீப்பெட்டி ஊர்களைச் சுற்றிலும் வைத்திருக்கிற நாம், ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் இதை ஒரு முறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதற்குச் சற்று முன்னால், 1959-இல், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆர்தர் சாமுவேல் செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டத்தை ஆடும் நிரலைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 'மெஷின் லேர்னிங்' (இயந்திரக் கற்றல்) என்ற பெயர் பரவியது அதிலிருந்துதான். அவருடைய நிரல் ஒரு நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும். எத்தனை காய் கூடுதல், எத்தனை இடம் கையில் என்று சில கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை, அதாவது அது எவ்வளவு முக்கியம் என்று சொல்லும் எண். சில நகர்வுகள் தள்ளிப் பார்த்தால் என்ன மதிப்பெண் வருகிறதோ, அதற்கு ஒத்துவரும்படி இப்போதைய எடைகளைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். என் நிரல் சாமுவேல் வழியில் வந்தது. கற்றுக்கொண்டதை வெளிப்படையாக எண்ணிப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை மட்டும் மிச்சியுடையது.

கட்டம்

ஆட்டத்தைத் தெரிந்தவர்களும் கட்டத்தை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து நான்கு கோடுகள் கீழே இறங்குகின்றன. அவற்றை மூன்று குறுக்குக் கோடுகள் வெட்டுகின்றன. ஒவ்வொரு குறுக்குக் கோடும் இரு பக்கமும் நீண்டு ஓரக்கோட்டில் முடிவதால் அதில் 6 இடங்கள். கடைசியில் அடிக்கோட்டில் 4 இடங்கள். ஆக 1, 18, 4, மொத்தம் 23. இடத்துக்கு இடம் போகும் சிறு கோடுகள் 38. நேர்க்கோட்டில் அடுத்தடுத்து மூன்று இடங்கள் அமையும் வரிசைகள் 28. ஒவ்வொன்றிலும் இரு திசையிலும் தாவலாம் என்பதால் புலிக்கு உலகத்தில் இருப்பது மொத்தம் 56 தாவல்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டிக் காலியிடத்தில் தாவி இறங்கி வெட்டப் பார்க்கும், ஆடுகள் புலிகளை நகர முடியாமல் கட்டப் பார்க்கும்.

இந்த எண்களை நிரலுக்குள் எழுதியதுமே ஒன்று தெரிந்தது. புலி ஓர் ஆட்டை வெட்ட வேண்டுமானால் அந்த ஆடு ஏதாவது ஒரு மூன்று இட வரிசையின் நடுவில் நிற்க வேண்டும். 23-இல் 7 இடங்கள் எந்த வரிசைக்கும் நடுவே வருவதில்லை: உச்சி, குறுக்குக் கோடுகளும் ஓரக்கோடுகளும் சேர்ந்து அமையும் செவ்வகத்தின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரண்டு நுனிகள். அங்கே நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் எதுவும் செய்ய முடியாது. மந்தையில் ஆடுபவர்கள் முதல் ஆட்டை ஏன் மூலையில் வைக்கிறார்கள் என்பதற்கு இதுதான் கணக்கு.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம். மூலைகளிலும் அடிக்கோட்டு நுனிகளிலும் ஆறு ஆடு வைத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கோட்டின் நடு இரண்டு இடங்கள் இப்போது பத்திரம், ஏனென்றால் புலி தாவி இறங்க வேண்டிய நுனியில் ஏற்கனவே ஆடு நிற்கிறது. ஓரக்கோட்டின் நடு இடங்களும் அப்படியே. அப்புறம் மூன்றாம் குறுக்குக் கோட்டில் ஓரத்துக்கு அடுத்த இடங்கள், பிறகு இரண்டாம் கோட்டில் அதற்கு மேலே உள்ளவை. இப்படி ஒன்றின் முதுகில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் பதினைந்தையும் ஒரு வெட்டு கூட வாங்காமல் வைத்துவிடலாம். புலி குறுக்கே வந்து உட்காராமல் இருந்தால்.

ஆனால் நல்ல ஆட்டக்காரரின் புலி வந்து உட்காரும். "புலி வெட்ட வேணாம்ப்பா, ஆடு நிக்கப்போற எடத்துல போய் நின்டாப் போதும்" என்றார் பெரியவர். மூலையை ஒரு புலி பிடித்துக்கொண்டால் அதை ஒட்டிய ஆடுகளுக்கு முதுகு கிடையாது. அதே சமயம் மூலைப் புலிக்கு வழி இரண்டுதான், சரியாக நான்கு ஆடு வைத்தால் கட்டிவிடலாம். ஆட்டம் முழுக்க இந்தப் பேரம்தான் நடக்கிறது.

கீழடி அகழாய்வில் பகடைகளும் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. அவை எந்த ஆட்டத்துக்கு உரியவை என்று எனக்குக் கற்பனை ஓடினாலும், அந்தப் பக்கம் நான் போகவில்லை. வைகைக் கரைக்காரர்களுக்குக் காய் நகர்த்தும் சுகம் பழசு என்பது மட்டும் போதும்.

விதி என்ன?

நிரல் எழுதும்போது தேடல் கஷ்டமாக இருக்கும், கற்றல் கஷ்டமாக இருக்கும் என்றுதான் நினைப்போம். இந்த வேலையில் அதிக நேரம் தின்றது விதிகள். ஆடுபவர்கள் விதியை வாயால் சொல்லி ஆடுவதில்லை, பார்த்துப் பழகி ஆடுகிறார்கள். கணினிக்கு ஒவ்வொன்றையும் சொல்லியாக வேண்டும்.

புலிகள் தொடங்கும் இடத்தில் தகராறு இல்லை: ஒன்று உச்சியில், இரண்டு அதற்கு நேர் கீழே முதல் குறுக்குக் கோட்டின் நடு இரண்டு இடங்களில். பதினைந்து ஆட்டையும் வைத்து முடிக்கும்வரை வைத்த ஆடு நகரக் கூடாது. இதுவும் சரி. வெட்டக் கிடைத்தால் வெட்டியே ஆக வேண்டுமா? இந்த மந்தையில் கட்டாயமில்லை. ஒரே முறையில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டை வெட்டலாமா? இங்கே கூடாது, பக்கத்து ஊரில் உண்டு. எத்தனை வெட்டினால் புலிக்கு ஜெயம்? இங்கே பத்து. மீதி ஐந்து ஆட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பது அவர்கள் வாதம்.

ஆறு ஆடு இருந்தால் இன்னும் கதை முடியவில்லை என்பதை நிரல் காட்டியது. இடது ஓரக்கோட்டின் மூன்று இடங்களிலும் மூன்று புலியும் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் புலிக்கு அடுத்து இரண்டிரண்டு ஆடு. மேலே கீழே போகப் புலிக்குப் புலியே தடை, பக்கவாட்டில் தாவினால் இறங்க இடமில்லை. மூன்றும் கட்டுப்பட்டன. புத்தியுள்ள யாரும் புலிகளை அப்படிக் கொண்டுபோய் நிறுத்த மாட்டார்கள்தான். ஆனாலும் இந்த நிலையைக் கல்லில் புளியங்கொட்டையால் அடுக்கிக் காட்டியபோது பெரியவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப பத்துங்கிற கணக்கு சரியாத்தான் வச்சிருக்காங்ய" என்றார். எனக்கு அந்த வேலையில் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் அது ஒன்று.

ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்தால்? இதற்கு விதியே கிடையாது. "சுத்திக்கிட்டே இருந்தா எந்திரிச்சுப் போயிருவோம்." நிரலால் எழுந்து போக முடியாது. மூன்றாம் முறை அதே நிலை வந்தால் சமன் என்று வைத்துக்கொண்டோம்.

முதல் வடிவம் மந்தையில்

ஆட்டம் கல்லில்தான் நடந்தது. புலிக்கு மூன்று செங்கல் துண்டு, ஆட்டுக்குப் புளியங்கொட்டை. அவர் நகர்த்துவதை நான் லேப்டாப்பில் தட்டுவேன், அது சொல்வதை நான் கல்லில் நகர்த்துவேன். திரையில் படம், நிறம், சத்தம் எதுவும் கிடையாது. வெறும் எழுத்துகளால் வரைந்த கட்டம்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். நிலை என்பது இரண்டு முழு எண்கள், ஒன்றில் புலிகள், ஒன்றில் ஆடுகள், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பிட், அதாவது காய் இருந்தால் 1, இல்லையென்றால் 0. நான் இப்படிப் போனால் அவர் எப்படிப் போவார், அதற்கு நான் என்ன செய்வேன் என்று சில நகர்வுகள் முன்னோக்கிப் பார்க்கும் மினிமேக்ஸ் தேடல். பார்க்கத் தேவையில்லாத கிளைகளை வெட்டிவிடும் ஆல்ஃபா-பீட்டா முறை. தேடல் நிற்கும் இடத்தில் மதிப்பெண். அதற்கு ஐந்து கேள்விகள்: எத்தனை ஆடு வெட்டுப்பட்டது, எத்தனை புலி அடைபட்டது, புலிகளுக்கு எத்தனை நகர்வு இருக்கிறது, அடுத்து வெட்டும்படி எத்தனை ஆடு நிற்கிறது, பத்திரமான இடங்களில் எத்தனை ஆடு. ஆரம்ப எடைகளை நானே போட்டேன். வெட்டுப்பட்ட ஆட்டுக்கு அதிகம், மற்றதெல்லாம் குறைவு.

நிரல் ஆடு வைத்தபோது ஓரளவு தாக்குப்பிடித்தது. புலியாக ஆடியபோது தோற்றது, ஒரே மாதிரி தோற்றது. அதை அருகில் போய்ப் பார்ப்போம்.

மூன்றாம் குறுக்குக் கோட்டில் இடது மூலை காலி. அதற்கு அடுத்த இடத்தில் பெரியவர் ஓர் ஆட்டை வைத்தார், முதுகில் துணை இல்லாமல். மூன்றாம் இடத்தில் நின்ற புலி உடனே தாவி வெட்டி மூலையில் இறங்கியது. அவர் அடுத்த ஆட்டைப் புலி கிளம்பி வந்த அந்த மூன்றாம் இடத்தில் வைத்தார். இப்போது மூலைப் புலிக்கு மேலே ஓரக்கோட்டில் இரண்டு ஆடு, அந்தப் பக்கம் வழியில்லை. பக்கத்து இடம் ஒன்றுதான் திறப்பு. அந்த நேரம் பார்த்து வலது பக்கத்தில் இன்னோர் ஆடு வெட்டும்படி நின்றது. அதுவும் அவர் முன்பே வைத்ததுதான். நிரல் கணக்குப் போட்டது: இன்னொரு வெட்டு, இன்னும் மதிப்பெண். வலது பக்கப் புலி தாவியது. பெரியவர் நிதானமாக அந்த ஒரே திறப்பில் ஆட்டை வைத்தார். தாவலாம் என்றால் இறங்கும் இடத்திலும் ஆடு. இரண்டு ஆடு கொடுத்து ஒரு புலியைக் கட்டியாயிற்று.

"அந்த ஆட்டைப் புலி திங்காதுப்பா. தின்டா மாட்டிக்கிரும்."

தேடல் ஆழம் போதாமல் இது நடக்கவில்லை. நான்கே நகர்வில் முடிகிற விஷயம், நிரல் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனது. இரண்டு ஆடு லாபம், ஒரு புலி நட்டம், மொத்தத்தில் லாபம் என்று எடைகள் சொல்லின. பார்வை சரி, விலைதான் வேறு.

எடைகளைக் கற்றது

சாமுவேல் முறைப்படி நிரலைத் தன்னோடு தானே ஆட விட்டேன். ஒவ்வொரு நகர்விலும் இப்போதைய மதிப்பெண்ணும் பின்னால் தெரியவந்த மதிப்பெண்ணும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்து, ஐந்து எடைகளையும் துளித்துளியாக நகர்த்துவது. ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பார்ப்பேன்.

எடைகள் அசைந்தன, ஆனால் புலியின் பேராசை குறையவில்லை. காரணம் யோசித்தால் எளிது. ஆட்டுப் பக்கம் ஆடுவதும் அதே நிரல்தான். அதன் கணக்கில் ஆட்டைக் கொடுப்பது நட்டம், ஆகவே அது இரை வைப்பதே இல்லை. இரையே பார்க்காத புலி இரையில் மாட்டுவதை எங்கே கற்கும்? இரண்டு மாற்றங்கள் உதவின. ஒன்று, சில நகர்வுகளைக் குருட்டாம்போக்கில் ஆட வைத்தது. மிச்சியின் பெட்டியைக் குலுக்குவதும் இதே வேலைதான். இன்னொன்று, மந்தையில் பெரியவர் ஆடிய ஆட்டங்களை நகர்வு நகர்வாகக் கொடுத்தது. அதன் பிறகு அடைபட்ட புலியின் எடை ஏறத் தொடங்கியது.

அந்தக் கட்டத்தில் நான் செய்த காரியம்தான் இந்த ஆய்வின் மையம். ஐந்து எடைகளையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போய் அவரிடம் படித்துக் காட்டினேன். "ஒரு புலி அடைபட்டால் இவ்வளவு ஆட்டுக்குச் சமம் என்று நினைக்கிறது ஐயா." அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆடு கையில இருக்கையில வேற, தீந்த பெறகு வேற. ரெண்டுக்கும் ஒரே வெலை போட்டா எப்படி?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆடு கையில் இருக்கும்வரை, அடைத்த புலியைக் காவல் காக்க வேறு ஆட்டை நகர்த்த வேண்டியதில்லை, புதிதாக ஒன்றை வைத்தால் போதும். பதினைந்தும் தீர்ந்த பிறகு கட்டத்தில் மிச்சம் ஐந்தே காலியிடம், வெட்டுப்பட்டிருந்தால் கொஞ்சம் கூடுதல். ஆட்டுக்காரர் தன் முறை வந்தால் ஏதாவது ஒன்றை நகர்த்தியே ஆக வேண்டும். நகர்த்தினால் கட்டு அவிழும். ஆகவே அடைபட்ட புலியின் விலை அங்கே வேறு. வெட்டுப்பட்ட ஆட்டின் விலையும் வேறு. எடைகளை இரண்டு தொகுதியாகப் பிரித்தேன், வைக்கும் கட்டத்துக்கு ஐந்து, நகர்த்தும் கட்டத்துக்கு ஐந்து. மொத்தம் பத்தே எண்கள். மறுபடி ஓடவிட்டதில் இரண்டு தொகுதியும் நன்றாகவே விலகி நின்றன. அதற்குப் பிறகு புலி இரையை விட்டு விலகிப் போய் மூலையைப் பிடித்தது. "இப்ப மனுசன் மாதிரி ஆடுது" என்றார்.

பல நூறு கோடி எண்கள் உள்ள மாதிரியிடம் அவர் இந்தத் திருத்தத்தைச் சொல்லியிருக்க முடியாது. அங்கே கைவைக்க இடமே இல்லை. பத்து எண்களும் தமிழில் பெயரோடு இருந்ததால்தான், ஆட்டம் தெரிந்தவர் நிரல் தெரிந்தவனோடு சமமாக உட்கார்ந்து வாதாட முடிந்தது.

பெரிய மாதிரியிடம் கேட்டபோது

பெரிய மொழி மாதிரிகளை நான் தினமும் வேலைக்குப் பயன்படுத்துபவன், அவற்றின் மேல் உண்மையான மரியாதை உள்ளவன். ஆகவே அவற்றில் ஒன்றையும் ஆடச் சொன்னேன். ஆட்டத்தின் வரலாறு, விதி எல்லாம் சரளமாகச் சொன்னது. ஆடத் தொடங்கியதும் இல்லாத கோட்டில் புலியை ஓட்டியது, வெட்டுப்பட்ட ஆட்டை மறுபடி நகர்த்தியது. அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகிப்பதுதான் அதன் அடிப்படை வேலை. சதுரங்கம் பற்றி எழுதிக் குவித்திருப்பது போல இந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் நகர்வு நகர்வாக எழுதி வைக்கவில்லை. பார்த்துப் பழக அதற்கு ஆட்டங்களே இல்லை.

அது உதவிய இடமும் உண்டு. ஆல்ஃபா-பீட்டா பகுதியைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தது. கட்டத்தின் இணைப்புப் பட்டியலை எழுதச் சொன்னபோது தவறியது. கல்லில் விரல் வைத்து எண்ணிய 38 கையில் இருந்ததால் உடனே தெரிந்தது. ஒரு சின்ன எண்ணைக் கையால் எண்ணி வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று இப்போது என்னோடு வேலை பார்க்கும் இளையவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

இனி

அடுத்த வேலை, ஆட்டத்தை முழுக்கத் தீர்த்துவிடுவது. மூன்று புலி 23 இடங்களில் நிற்கக்கூடிய வகைகள் 1,771. ஆடு தீர்ந்த பிறகு கட்டத்தில் ஆறிலிருந்து பதினைந்து ஆடு வரை இருக்கலாம் என்று கணக்குப் போட்டால் மொத்தம் சுமார் 181 கோடி நிலைகள். யார் முறை என்பதைச் சேர்த்தால் சுமார் 362 கோடி. புலி ஜெயம், ஆடு ஜெயம், சமன் என்று குறிக்க நிலைக்கு இரண்டு பிட் போதும். இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம் என்பதால் பாதியைத்தான் சேமிக்க வேண்டும். ஏறத்தாழ 45 கோடி பைட், இன்றைய மொபைலில் கூட அடங்கும். முடிந்துபோன நிலைகளிலிருந்து ஒவ்வொரு அடியாகப் பின்னோக்கி வருவது முறை. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் சதுரங்கத்தின் கடைசிக் கட்டங்களுக்கு இப்படித்தான் அட்டவணை போட்டார். ஆடு வைக்கும் கட்டத்துக்கு இதற்கு மேல் தனி அடுக்கு வேண்டும், அதில் எத்தனை வைத்தாயிற்று என்பதும் நிலையின் பகுதி. நேபாளத்தின் பாக் சால், நான்கு புலியும் இருபது ஆடும் கொண்டது, இரு பக்கமும் பிசகாமல் ஆடினால் சமனில் முடியும் என்று லிம் யூ ஜின், நீவர்கெல்ட் இருவரும் கணினியால் காட்டியிருக்கிறார்கள்.

நம் கட்டத்தில் என்ன வரும்? நானும் சமன் என்றே நினைக்கிறேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிசகாமல் வைத்தால் ஆடுதான் ஜெயிக்கும், அதுவும் இந்த மந்தை விதிக்கு மட்டும், பக்கத்து ஊர் விதிப்படி ரெட்டை வெட்டு இருந்தால் புலி ஜெயிக்கும் என்கிறார். ஆகவே அட்டவணை இரண்டு போட வேண்டும். தாவல் எழுதியிருக்கும் பகுதியை மட்டும் மாற்றினால் போதும். முதலில் இந்த மந்தை விதிக்கு ஓடவிடுகிறேன்.